"நல்ல கேன்சர்தானே" என்கிறார்கள். எனக்கு ஏன் அழுகை நிற்கவில்லை?

கேள்வி: வெயிலூர்_பெண்

எனக்கு 23 வயது. ஊர் விருதுநகர். மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சிஏ ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிறேன். போன வருடம் ஜனவரியில் அக்கா மகனுக்குக் காது குத்தினார்கள். அந்தப் போட்டோவில் என் கழுத்தில் சின்னதாக ஒரு மேடு இருப்பதைச் சித்திதான் முதலில் பார்த்தார். ஸ்கேன், ஊசி டெஸ்ட், அப்புறம் "பெதஸ்டா 6" என்று ஒரு ரிப்போர்ட், அதாவது ஊசி டெஸ்டில் கேன்சர் என்று சொல்லும் கடைசிப் படி. பாப்பில்லரி தைராய்டு கேன்சர். மார்ச்சில் தைராய்டை முழுதாக எடுத்தார்கள். கழுத்திலிருந்து எடுத்த 11 நெறிக்கட்டிகளில் இரண்டில் இருந்தது. ஜூனில், மிஞ்சிய தைராய்டு செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின், 100 மில்லிகியூரி. இப்போது தினமும் காலையில் 150 மைக்ரோகிராம் தைராய்டு ஹார்மோன் மாத்திரை.

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "கேன்சர் வந்தே தீரும் என்றால் நானே இதைத்தான் கேட்டு வாங்குவேன்." அப்பா அங்கேயே அழுதுவிட்டார், நிம்மதியில். அன்றோடு எங்கள் வீட்டில் அழுகைக் கணக்கு முடிந்துவிட்டது. அதன்பிறகு நான் முகத்தைத் தூக்கி வைத்தால்கூட "அதான் நல்ல கேன்சர்னு சொல்லிட்டாங்களே" என்கிறார்கள்.

ஆறாம் மாத டெஸ்ட் நன்றாக இருந்தது. தைராய்டு செல்கள் மட்டுமே உண்டாக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதம் மிகக் குறைவு, கழுத்து ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, நான்தான் நன்றாக இல்லை.

விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. யாரோ கதவைத் தட்டுவது போல நெஞ்சு அடிக்கிறது. விரல் நடுங்குகிறது. ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். போன வாரம் "சாப்பிட்டியா" என்று கேட்டதற்கு அம்மாவிடம் போனில் கத்தினேன். அயோடினுக்கு முன்னால் நான்கு வாரம் மாத்திரையை நிறுத்தியபோது நேரெதிர்: முகம் உப்பி, குளிரெடுத்து, பேச்சுக்கூட மெதுவாகி, ஒரு கிளையண்டின் ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஒரு சைபரை விட்டுவிட்டேன். சீனியர் திட்டியபோது அழக்கூடத் தெம்பில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஒரு வருடத்தில் எது நான், எது மாத்திரை என்றே தெரியவில்லை.

வெளியில் எல்லோரிடமும் "தைராய்டு ஆபரேஷன்" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். கேன்சர் என்ற சொல் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். விருதுநகர் வெயிலில் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு அலைகிறேன்.

இன்னொன்றும் உண்டு, எழுதவே கூச்சமாக இருக்கிறது. அயோடின் முடிந்து வந்ததும் குழந்தையைக் கொஞ்ச நாள் தூக்கக் கூடாது என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் அக்கா மகனைத் தூக்க முடியவில்லை. அவன் ஓடி வந்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் போன தடவை என் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட வயதுதான். முடி இல்லை, புருவம் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் எதற்கு அழ வேண்டும்? என்னைப் போல யாராவது இருந்தால் சொல்லுங்கள். இது மாத்திரையா, மனசா? எனக்கு அழ உரிமை இருக்கிறதா?


பதில்: நிழல்தேடி

கவலையே வேண்டாம் சகோதரி. என் மாமியாருக்கும் பதினைந்து வருடமாகத் தைராய்டு இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறார். முட்டைக்கோஸ், காலிஃபிளவரை ஒதுக்குங்கள். காலையில் பிராணாயாமம் செய்யுங்கள். மனதைப் பாசிட்டிவாக வைத்திருந்தாலே பாதி நோய் போய்விடும்.


பதில்: மஞ்சள்_டீச்சர்

நிழல்தேடி அவர்களே, நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் இந்தப் பெண்ணுக்குத் தைராய்டே இல்லை, எடுத்துவிட்டார்கள். முட்டைக்கோஸ் இனி எதைக் கெடுக்கப் போகிறது?

கண்ணு, நான் ஈரோடு. 33 வயது, அரசுப் பள்ளியில் ஆசிரியை. உன் வயதில்தான் எனக்கும் வந்தது, அதே பாப்பில்லரி. எனக்கும் "நல்ல கேன்சர்" என்றுதான் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்து குறைவு என்பது உண்மை, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கழுத்தை அறுத்து, ஒரு சுரப்பியை எடுத்து, உயிரோடு இருக்கும்வரை மாத்திரை என்று சொன்ன பிறகு அதை நல்லது என்று அழைத்தால் அழுகிறவள் எங்கே போவாள்? அந்தச் சொல் டாக்டருக்குச் சௌகரியம், உன் அப்பாவுக்கு ஆறுதல். உனக்கு அது வாயடைப்பு.

மாத்திரையா மனசா என்று கேட்டாய். என் அனுபவத்தில் இரண்டும். மாத்திரை நமக்கு இரண்டு வேலை செய்கிறது. இல்லாத சுரப்பிக்குப் பதிலாக இருக்கிறது, கூடவே டிஎஸ்எச்சை, அதாவது தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோனை, அழுத்தி வைக்கிறது. எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் தைராய்டு செல்லை டிஎஸ்எச் தூண்டிவிடக் கூடாது என்பதற்காக. அதை மிகவும் அழுத்தினால் உடம்பு, பஸ் நின்ற பிறகும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருப்பது போல ஆகிவிடும். படபடப்பு, கைநடுக்கம், தூக்கம் கெடுவது, சட்டென்று கோபம். நீ எழுதிய பட்டியலேதான். எனக்கு டிஎஸ்எச் 0.03இல் இருந்தது. ஒரு வருடம் அதை நான் "என் குணம் கெட்டுப்போச்சு" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! வகுப்பில் ஒரு பையன் பென்சிலைக் கீழே போட்டதற்குச் சாக்பீஸை வீசினேன். இன்றைக்கும் அவன் முகம் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் டாக்டரிடம் நேராகக் கேட்டேன்: "என் டிஎஸ்எச் எவ்வளவில் இருக்க வேண்டும்? எத்தனை வருடத்துக்கு?" நீயும் இந்தக் கேள்வியை இதே வார்த்தையில் கேள். திரும்ப வரும் அபாயம் குறைவு என்று தெரிந்துவிட்டால் பலருக்கு 0.5க்கும் 2க்கும் இடையில் தளர்த்தி வைப்பார்கள். உனக்கு நெறிக்கட்டியில் இருந்ததால் உன் கணக்கு வேறாக இருக்கலாம், அதை உன் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீயாக மாத்திரையைக் குறைத்துவிடாதே. எனக்கு 150ஐ 125 ஆக்கினார்கள். அளவு மாற்றினால் உடம்பு நிதானத்துக்கு வர ஆறு வாரமாவது ஆகும், அதற்கு முன்னால் டெஸ்ட் எடுத்தும் பயனில்லை.

ஆறு வாரத்தில் நெஞ்சு அடிப்பது நின்றது. பயம் நிற்கவில்லை. அதுதான் மனசின் பங்கு. ஒவ்வொரு ஸ்கேன் தேதிக்கும் பத்து நாள் முன்னாலேயே வீட்டில் யாரிடமும் பேச மாட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கவுன்சலர் இருந்தார். முதல் நாள் ஒரு காகிதம் கொடுத்தார், அதில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் படம், சைபர் முதல் பத்து வரை. இந்த வாரம் உன் மனக்கஷ்டம் எவ்வளவு, ஒரு கோடு போடு என்றார். 7இல் போட்டேன். நாலைத் தொட்டாலே உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். "நல்ல கேன்சருக்கு ஏழு போடலாமா?" என்று கேட்டேன். "காகிதத்தில் எந்த கேன்சர் என்று கேட்கவே இல்லையே" என்றார். அன்றைக்குத்தான் நான் சரியாக அழுதேன்.

வரன் விஷயம். நான் மறைக்கவில்லை. முதலில் வந்தவர்கள் பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்தவர்கள். நான் சொன்ன மறுவாரம் தரகர் வந்து ஜாதகம் சரியில்லையாம் என்றார். வலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. இரண்டாவதாக வந்தவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "வெறும் வயிற்றில் போடணுமா? அப்போ காபி எத்தனை மணிக்கு?" என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். அயோடின் எடுத்தபின் டாக்டர் சொன்ன காலம் முழுக்கக் காத்திருந்துதான் குழந்தை. கர்ப்பத்தில் மாத்திரை அளவைக் கூட்டினார்கள். மகள் இப்போது எல்கேஜி.

உன் அப்பா கெட்டவர் இல்லை, பயந்திருக்கிறார். ஊர் முழுக்கச் சொல்லச் சொல்லவில்லை கண்ணு. ஒரே ஒரு ஆளிடம் அந்தச் சொல்லை முழுசாகச் சொல்லிப் பார். நான் எங்கள் சத்துணவு அம்மாவிடம் சொன்னேன். அவர் "அய்யோ" என்றார், ஒரு டம்ளர் பால் கொடுத்தார், அவ்வளவுதான்.


பதில்: ஈயக்கதவு

தங்கச்சி, நான் நியூக்ளியர் மெடிசின் பிரிவில் டெக்னாலஜிஸ்ட். உங்களைப் போன்றவர்கள் தனி அறையில் இருக்கும்போது வாசலில் நின்று மீட்டரைக் காட்டிவிட்டு ஓடுகிறவன் நான்தான். அந்த அறையிலிருந்து எல்லோரும் ஏதாவது ஒன்றைச் சுமந்துகொண்டு போகிறார்கள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பாலித்தீன் உறையில் செல்போன், வாசலுக்கு வெளியே ஸ்டூலில் சாப்பாட்டுத் தட்டு, யாரும் உள்ளே வராத நாட்கள். தன்னையே தீட்டு போல நினைக்க வைக்கிற ஏற்பாடுதான் அது. வேறு வழியில்லை, எங்களுக்கு அது பாதுகாப்பு விதி. ஆனால் "இத்தனை நாளைக்கு இதைச் செய்யாதே" என்று சொல்லி அனுப்புகிற நாங்கள், "இன்றோடு முடிந்தது, போய்க் குழந்தையைத் தூக்கு" என்று போன் செய்து சொல்வதில்லை. அது எங்கள் தவறு.

இப்போது நான் சொல்கிறேன். நீங்கள் சிஏ படிக்கிறவர், கணக்காகவே தருகிறேன். அயோடின் 131இன் அரை ஆயுள் எட்டு நாள். எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகும். ஜூனிலிருந்து எட்டு மாதம், சுமார் 240 நாள், முப்பது தடவை பாதி. முப்பது இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் நூறு கோடியைத் தாண்டும். அதாவது உள்ளே போனதில் நூறு கோடியில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. இதுவும், ஒரு சொட்டுக்கூட வெளியேறவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உண்மையில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாளிலேயே சிறுநீரில் போய்விடுகிறது. அதற்காகத்தான் அத்தனை தண்ணீர் குடிக்கச் சொன்னோம். உங்கள் அக்கா உடம்பிலும் என் உடம்பிலும் பொட்டாசியத்தால் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. உங்களிடம் மிஞ்சியிருக்கக்கூடியதைவிட அது பல நூறு மடங்கு.

பையனைத் தூக்குங்கள்.


பதில்: கரகரப்பு

எனக்கு 26 வயது. 17இல் வந்தது, பிளஸ் டூ படிக்கும்போது. கண்டுபிடித்தபோதே நுரையீரலில் புள்ளி புள்ளியாக இருந்தது. அயோடின் மூன்று தடவை. ஆபரேஷனில் குரல்வளை நரம்பு பாதிக்கப்பட்டு இப்போதும் குரல் கரகரதான், கடைசி பெஞ்சுக்குக் கேட்காது.

ஒரு வேடிக்கை சொல்லவா. 55 வயதுக்குக் கீழே இருந்தால் இந்த வகையில் இரண்டாம் நிலைக்கு மேல் கிடையாது. எனக்கு நுரையீரல் வரை போயும் இரண்டாம் நிலைதான்! மாமா அதைக் கேட்டுவிட்டு "ரெண்டுதானாப்பா, ஒண்ணுமில்ல" என்று என் முதுகில் தட்டினார். எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று பார்த்துப் போட்ட நம்பர் அது. மூச்சு வாங்காமல் மாடி ஏற முடியுமா, நண்பர்கள் பாட்டுப் போட்டியில் சேரும்போது எங்கே போய் நிற்பது என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை.

நீங்கள் மாத்திரை நிறுத்திய நான்கு வாரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டாவது தடவை அந்த நான்கு வாரத்தில்தான் இருந்தது போதும் என்று தோன்ற ஆரம்பித்தது. சத்தமாக இல்லை, ரொம்ப நிதானமாகத் தோன்றியது, அதுதான் பயம். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றே டாக்டருக்குப் போன் செய்தார். தைராய்டு ஹார்மோன் அடிமட்டத்துக்குப் போனால் மனசும் கூடவே இறங்கும், அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லுங்கள் என்றார்கள். மூன்றாவது தடவை மாத்திரையை நிறுத்தாமல், டிஎஸ்எச்சை ஏற்றுகிற ஊசி இரண்டு நாள் போட்டுக் கொடுத்தார்கள். விலை அதிகம், அப்பா சீட்டுப் பணத்தை எடுத்தார். ஆனால் அந்தத் தடவை நான் நானாக இருந்தேன். எல்லோருக்கும் அந்த ஊசி ஒத்துவராது. அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

மூன்று மணிக்கு விழிக்கும்போது அப்படி ஏதாவது தோன்றினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ், காசில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நான் இரண்டு தடவை பேசியிருக்கிறேன். என் குரலைக் கேட்டு முதல் ஆள் "தொண்டை கட்டியிருக்கா தம்பி?" என்றார். சிரித்துவிட்டேன்.

தொப்பிப் பெண்ணைப் பற்றி: எனக்கு முடி கொட்டவில்லை என்பதால் கல்லூரியில் யாரும் நம்பவில்லை. கேன்சர் என்றால் மொட்டையாக இருக்க வேண்டும் போல. அந்தப் பெண்ணிடம் பேசியிருந்தால் அவளே உங்களுக்கு மிட்டாய் கொடுத்திருப்பாள்.


பதில்: வெயிலூர்_பெண்

டீச்சரக்கா, நீங்கள் எழுதியதை அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். சாக்பீஸ் கதைக்குச் சிரித்தேன், சத்துணவு அம்மாவுக்கு அழுதேன். பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். டிஎஸ்எச் 0.04. இத்தனை நாள் அந்த நம்பரைப் பார்த்துப் "பக்கத்தில் ஸ்டார் போட்டிருக்கே" என்று மட்டும்தான் நினைத்திருக்கிறேன். தினமும் ரீகன்சிலியேஷன் பார்க்கிறவள், என் ரிப்போர்ட்டை நான் ஒருநாளும் ஒத்துப் பார்க்கவில்லை.

கரகரப்பு, உங்களுக்கு வந்த மாதிரி எனக்கு இதுவரை தோன்றவில்லை. தோன்றினால் கூப்பிடுகிறேன். நம்பரைப் போனில் பதிந்துவிட்டேன்.

ஈயக்கதவு அண்ணா, ஒரு சந்தேகம். முடி கொட்டுகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போட்டு வருகிறேன், 10 மில்லிகிராம். இதற்கும் தைராய்டுக்கும் சம்பந்தம் உண்டா? வியாழக்கிழமை ரத்தம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.


பதில்: ஈயக்கதவு

நல்லவேளை கேட்டீர்கள். பயோட்டின் உங்கள் தைராய்டை ஒன்றும் செய்யாது, டெஸ்டைக் குழப்பும். பல லேப் இயந்திரங்களில் டிஎஸ்எச்சை உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், தைரோகுளோபுலினையும் குறைத்துக் காட்டலாம். குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். அவ்வளவு அதிக அளவு என்பதால் எத்தனை நாள் என்று உங்கள் லேபிலும் கேட்டுவிடுங்கள். இதை டாக்டரிடமும் சொல்லுங்கள், பழைய 0.04 எடுத்தபோது அதைப் போட்டுக்கொண்டிருந்தீர்களா என்பது அவருக்குத் தேவைப்படும். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தானே காபி? கால்சியம் எடுத்தால் நான்கு மணி நேரம் தள்ளி.


பதில்: மஞ்சள்_டீச்சர்

காபி விஷயத்தில் இவர் சொல்வதைக் கேள். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்வார்.


பதில்: வெயிலூர்_பெண்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

பயோட்டினை ஒரு வாரம் நிறுத்திவிட்டுத்தான் ரத்தம் கொடுத்தேன். டிஎஸ்எச் 0.06. ஆக அது பயோட்டினின் பொய்யில்லை. டாக்டரிடம் உங்கள் கேள்வியை அப்படியே கேட்டேன் அக்கா. கொஞ்ச நேரம் கோப்பைப் புரட்டினார். "தூங்குகிறாயா?" என்று முதல் தடவையாகக் கேட்டார். 137க்குக் குறைத்திருக்கிறார், ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். கவுன்சலரைப் பார்க்க அடுத்த மாதம் 3ஆம் தேதி கிடைத்திருக்கிறது.

ஒரு ஆளிடம் சொல்லச் சொன்னீர்களே. ரிட்டர்னில் சைபரை விட்டதற்குத் திட்டினாரே, அந்தச் சீனியரிடமே சொன்னேன். இருபதாம் தேதி ஃபைலிங் முடிந்த இரவு, டீக்கடையில். அவர் டீயைக் கீழே வைத்தார். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னிக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய டீக்கும் நானே காசு கொடுத்தேன். அப்பாவிடம் இன்னும் பேசவில்லை. இந்த மாதம் அது முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள். பையன் ஓடி வந்தான், நான் அடுப்படிக்குப் போகவில்லை. மனசுக்குள் முப்பது தடவை பாதியாக்கிக்கொண்டே தூக்கினேன், 14 கிலோ இருப்பான். துப்பட்டாவை இழுத்துப் போட்டுவிட்டுக் கழுத்துத் தழும்பை விரலால் தடவினான். "ரயிலு" என்றான். தையல் கோடுதான், தண்டவாளம் மாதிரி இருந்திருக்கும். மடியில் இருபது நிமிஷம் இருந்தான். அதற்கு மேல் அவன்தான் இருக்கவில்லை, டிவியில் ஏதோ பொம்மைப் படம் போட்டுவிட்டார்கள்.